ஐந்து மில்லி ஆம்பியர்

நீச்சல் குளத்துத் தண்ணீரை மாதக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பது பழைய வழக்கம் அல்ல. நிரப்புவார்கள், கலங்கி நாற்றமெடுத்ததும் மொத்தத்தையும் திறந்துவிட்டு, பாசியைத் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்புவார்கள். 1910-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பார்த்தார்கள், கிருமி செத்தது. ஆனால் முடியும் சருகும் அழுக்கும் மருந்துக்குக் கரைவதில்லை. அவற்றை அகற்றத் தண்ணீரைச் சுற்றவிட்டு வடிகட்ட வேண்டும். அதற்கு ஓயாமல் ஓடும் ஒரு மோட்டார் வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிபோர்னியா போன்ற வெயில் மாநிலங்களில் நடுத்தரக் குடும்பங்கள்கூடக் கொல்லையில் குளம் வெட்டத் தொடங்கின. கம்பி கட்டி அதன்மேல் கான்கிரீட்டைப் பீய்ச்சியடிக்கும் முறை வேலையைச் சுலபமாக்கியது. தண்ணீருக்குள் விளக்கு, கரையில் பம்ப், சுற்றிலும் ஈரத்தரையில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் என்று ஒரு புதிய ஆபத்தும் கூடவே வீட்டுக்குள் வந்தது.

அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருந்த காவல் ஃபியூஸ்தான். அது ஒயரைக் காப்பதற்காகப் பிறந்தது, ஆளைக் காப்பதற்காக அல்ல. 15 ஆம்பியர் ஃபியூஸ், அந்த அளவைத் தாண்டி மின்சாரம் பாய்ந்தால்தான் உருகும். மோட்டாரின் காயில் ஈரம் இறங்கி மேல்கூட்டுக்கு மின்சாரம் கசிந்து, அதைத் தொட்டவரின் உடல் வழியே தரைக்கு இறங்கினால், அந்தக் கசிவு ஒரு ஆம்பியரைக்கூட எட்டாது. ஆள் விழுந்து கிடப்பார். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு மின்சாரம் ஆளைக் கொல்லும்? இந்தக் கேள்விக்கு எண்களோடு பதில் தேடியவர்களில் முக்கியமானவர், பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சீல். 1940-களில் தன்னார்வலர்களின் கையில் செம்புக் கம்பியைப் பிடிக்கக் கொடுத்து, மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். எந்த அளவில் விரல்கள் இறுகி, கம்பியை விட முடியாமல் போகிறது என்று குறித்துக்கொண்டார். 134 ஆண்களும் 28 பெண்களும் அந்தச் சோதனைக்கு உட்பட்டனர். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதாவது ஃபியூஸ் உருகத் தேவைப்படுவதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு போதும், மனிதன் பிடித்த பிடியில் சிக்கிக்கொள்ள. இருநூறு பேரில் 199 பேர் கையை விடுவித்துக்கொள்ளக்கூடிய எல்லை ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6 மில்லி ஆம்பியர் என்று அவர் கணக்கிட்டார்.

எல்லை தெரிந்ததும் கருவி வந்தது. டால்சீல் வடிவமைத்த கசிவுத் துண்டிப்பானுக்கு 1965-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன் வேலை கணக்குப்பிள்ளையின் வேலை. ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் ஒரு காந்த வளையத்துக்குள் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று ஈடுகட்டும். திரும்புவதில் 5 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், அது வேறு எங்கோ இறங்குகிறது என்று பொருள். ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கில் இணைப்பு துண்டிக்கப்படும். இதே தத்துவத்தில் 1955 வாக்கில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் என்ற பொறியாளரும் கருவி செய்திருந்தார்.

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பில் நீச்சல் குளத்துக்கென்றே 680-ஆம் பிரிவு 1962-இல் சேர்ந்தது. குளத்தின் கம்பிக்கூடு, ஏணி, கைப்பிடி, பம்ப் மோட்டாரின் கூடு ஆகிய எல்லா உலோகத்தையும் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைக்கச் சொல்வது இந்தப் பிரிவுதான். எர்த் கொடுப்பது வேறு, இது வேறு. ஒரு கை ஏணியிலும் மறு கை மோட்டாரிலும் இருந்தால் இரண்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

கசிவுத் துண்டிப்பான் கட்டாயமானது படிப்படியாகத்தான். 1968-இல் நீருக்கடி விளக்குகளுக்கு. 1971-இல் குளத்தை ஒட்டிய பிளக் பாயிண்டுகளுக்கு. 1975-இல் வீட்டுக் குளியலறைகளுக்கு. பழைய குள விளக்குகள் சும்மா எரியும்போதே கொஞ்சம் கசியவிட்டதால், அவற்றுக்கு மட்டும் 20 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் தனி ரகமே இருந்தது. நேரடியாக ஒயர் இழுத்து இணைத்த ஒற்றை ஃபேஸ் பம்ப் மோட்டார் வரை விதி முழுமையாக வந்து சேர 2008 ஆயிற்று. பழைய மோட்டாரைக் கழற்றிப் புதியதை மாட்டினாலும் இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்ற வரி 2020-இல் ஏறியது.

நம் வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி. இதே குடும்பத்துப் பொருள்தான். இந்தியாவில் ஆளைக் காக்கப் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் ரகம். மோட்டார் போட்டால் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுப்பவர்கள் உண்டு. அது டிரிப் ஆவது பழுது எங்கோ இருக்கிறது என்பதற்கான அறிகுறி. மோட்டாரையும் ஒயரையும்தான் முதலில் பார்க்க வேண்டும். குளமோ, சம்போ, போர் மோட்டாரோ, இணைப்பு வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் விடுங்கள். ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று எழுதிய பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இணைப்பு துண்டிக்கப்படவில்லை என்றால் அதை மாற்றும்வரை மோட்டாரைப் போடாதீர்கள்.