கோப்புக் கணக்கை எழுதுவது யார்?

கணிப்பொறியில் ஒரு கடிதத்தை எழுதிச் சேமிக்கிறோம். வட்டிலோ எண்ணிடப்பட்ட கட்டங்கள் மட்டுமே உள்ளன. எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் இருக்கிறது என்று கணக்கு வைப்பது கோப்பு முறைமை. இக்கணக்கரை எங்கே அமர்த்துவது? இயந்திரம் முழுவதையும் ஆளும் ‘கெர்னல்’ என்னும் கருப்பகுதிக்குள்ளா? சாதாரண நிரல்களைப் போல் அதற்கு வெளியிலா?

1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் யூனிக்ஸ் முறைமையை உருவாக்கியபோது, கணக்கரைக் கெர்னலுக்குள்ளேயே வைத்தார். இதனால் வேகம் கிடைத்தது. ஆனால் உள்ளே பிழை நேர்ந்தால் இயந்திரம் முழுவதுமே நின்றுவிடக்கூடும் அல்லவா?

எனவே, 1987இல் ஆண்ட்ரூ டேனன்பாம் மாணவர்களுக்காக எழுதிய மினிக்ஸ் முறைமையில், கோப்பு முறைமை தனி நிரலாக வெளியே நின்றது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் பழைய வழியையே பின்பற்றியது. 1992இல் டேனன்பாம் அதைக் காலங்கடந்த அமைப்பு என்று கண்டித்தார். மினிக்ஸின் கோப்பு முறைமை ஒரு நேரத்தில் ஒரு வேலையையே கவனிக்கிறது என்பது டோர்வால்ட்ஸின் பதில். ஒரு நிரல் மெதுவான நெகிழ்வட்டுக்காகக் காத்திருந்தால், மற்றவையும் காத்திருக்க வேண்டும்! எனினும் இது கட்டமைப்பின் குறையே. வெளியே வைத்ததன் குறையன்று. வெளியே வைப்பதன் உண்மையான விலை வேறு. ஒவ்வொரு வேண்டுகோளும் எல்லையைக் கடந்து சென்று திரும்ப வேண்டும். அதற்கு நேரம் செலவாகும்.

2005இல் லினக்ஸ் ஒரு நடுவழி கண்டது. ‘ஃபியூஸ்’ என்னும் சிறு பாலம் கெர்னலுக்குள் சேர்க்கப்பட்டது. கோப்பு முறைமையை வெளியே எழுதி, இப்பாலத்தின் வழியே இணைக்கலாம்.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பு நல்ல எடுத்துக்காட்டு. அதற்காக லினக்ஸ் கெர்னலில் இருந்த பழைய நிரல் பெரும்பாலும் படிக்க மட்டுமே உதவியது. எழுதவும் வல்ல ‘என்டிஎஃப்எஸ்-3ஜி’ 2007இல் ஃபியூஸ் வழியே வெளியே நிலைபெற்றது. 2021இல் எழுதவல்ல மற்றொரு நிரல் கெர்னலுக்குள் இடம்பெற்றது. உள்ளிருந்து வெளியே, மீண்டும் உள்ளே!

ஆகவே, எல்லை நிலையானதன்று. வேகம், பாதுகாப்பு ஆகியவற்றின் தேவைக்கேற்ப நகர்கிறது. ஒன்றை மட்டும் மறக்கலாகாது. கணக்கர் வெளியே இருந்தால் அவரது வீழ்ச்சி இயந்திரத்தைச் சாய்க்காது. ஆனால் எங்கிருந்தாலும் கணக்கைத் தவறாக எழுதினால், இயந்திரம் பிழைக்கும், கடிதம் பிழைக்காது.