கரியமிலவாயுவும் கந்தக அமிலமும்



சோடாப் புட்டியைத் திறந்ததும் சீறிக்கொண்டு வெளிவருகிறதே, அதுதான் கரியமிலவாயு. அது குடிநீருக்குள் வந்து சேர்ந்த கதையைப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் அந்த வாயுவோடு ஒட்டிக்கொண்டு வந்த அமிலங்களை மனிதன் எவ்வாறு பிரித்தெடுத்தான் என்பது அவ்வளவாகப் பேசப்படாத கதை. இன்றைய உரையில் அதனைக் காண்போம்.

1767 ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் ஒரு மது வடிக்கும் சாலைக்கு அருகில் குடியிருந்தார். நொதிக்கும் தொட்டிகளின் மேற்பரப்பில் ஒரு கனத்த வாயு தேங்கி நிற்பதை அவர் கவனித்தார். அந்த வாயுவில் நீரைப் பிடித்துக் குலுக்கியபோது இன்சுவையான, சுறுசுறுவென்ற நீர் கிடைத்தது. பின்னர் வீட்டிலேயே சுண்ணாம்புக்கல் தூளின்மீது கந்தக அமிலத்தை ஊற்றி அதே வாயுவை உண்டாக்கினார். 1772 இல் அந்த முறையை விளக்கி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். கடலோடிகளின் ஸ்கர்வி நோய்க்கு இந்நீர் மருந்தாகும் என்று அவர் நம்பினார். அது மருந்தாகவில்லை, ஆயினும் 1773 இல் அவருக்குக் காப்லி பதக்கம் கிடைத்தது.

பிரீஸ்ட்லி வாயுவைப் பிடித்து வைக்க விலங்கின் சிறுநீர்ப்பையைப் பயன்படுத்தினார். ஜான் மெர்வின் நூத் என்ற மருத்துவர், அந்தப் பையினால் நீரில் சிறுநீர் நாற்றம் வருகிறது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார். பிரீஸ்ட்லிக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமா? நூத் பைக்கு மாற்றாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடிப் பாத்திரங்களைச் செய்தார். இருவரின் பூசலை வரலாற்றாசிரியர்கள் சுவையாகச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் பையில் இல்லை, அமிலத்தில்தான் இருந்தது என்பது என் கருத்து.

அந்தக் கந்தக அமிலம் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு கதை உண்டு. 1746 இல் பர்மிங்ஹாம் நகரில் ஜான் ரோபக் என்பவர் ஈயத் தகடுகளால் அறைகள் கட்டினார். அவற்றினுள் கந்தகத்தையும் வெடியுப்பையும் சேர்த்து எரித்தால், எழும் புகை நீரில் கரைந்து அமிலமாகும். அதற்குமுன் கண்ணாடிக் குடுவைகளில் சிறிது சிறிதாகச் செய்த பொருளை இனி அறை அறையாகச் செய்ய முடிந்தது. விலையும் வெகுவாக இறங்கியது. மலிவான அமிலம் கிடைத்திராவிட்டால் சோடா ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்காது. ஜேக்கப் ஷ்வெப் 1783 இல் ஜெனிவாவில் அத்தொழிலைத் தொடங்கினார். சிங்கப்பூரில் ஜான் ஃபிரேசரும் டேவிட் நீவும் 1883 இல் தங்கள் சோடாக் கம்பெனியை ஏற்படுத்தியபோது இத்தொழிலுக்குச் சரியாக நூறு வயது நிறைந்திருந்தது.

சுண்ணாம்புக்கல்லின்மீது அமிலம் பட்டதும் பொங்கி நுரைக்கும். அந்த நுரையோடு அமிலத் துளிகளும் பறந்து வந்து வாயுவில் கலந்துவிடும். அவற்றை நீக்காவிட்டால் குடிநீர் புளிக்கும், உலோகப் பாத்திரங்களும் அரிக்கும். அமிலத்தை நீக்கச் சுண்ணாம்பு நீரில் கழுவலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் கரியமிலவாயுவே ஒரு மெலிந்த அமில வாயு. சுண்ணாம்பு நீர் அதையும் சேர்த்தே விழுங்கிவிடும். களையைப் பிடுங்கப் போய்ப் பயிரையும் பிடுங்கிய கதையாகும்!

இதற்குத் தொழிலாளர்கள் கண்டுபிடித்த வழி மிகவும் எளிது. வாயுவை முதலில் வெறும் நீரிலும், வேண்டுமானால் சமையல் சோடா கரைத்த நீரிலும் குமிழியிடச் செய்தார்கள். சமையல் சோடா கரியமிலவாயுவை ஏற்கெனவே வயிறாரக் கொண்டிருப்பதால் மேலும் கேட்காது. ஆனால் வலிய கந்தக அமிலம் வந்தால் அதற்கு இடம் கொடுத்துவிட்டு, தன்னிடமுள்ள கரியமிலவாயுவை வெளியே விட்டுவிடும். அமிலம் போகிறது, வாயுவோ குறையாமல் சற்றுக் கூடுகிறது. இதைவிட நல்ல பேரம் வேதியியலில் அரிது.

அமிலத்தோடு வரும் மற்ற அழுக்குகளை அற்பமாக எண்ணிவிட வேண்டாம். கந்தகத்துக்குப் பதிலாக இரும்புக் கந்தகக் கல்லை எரித்து அமிலம் செய்தபோது அதில் ஆர்சனிக் நஞ்சும் சேர்ந்து வந்தது. 1900 இல் மான்செஸ்டர் வட்டாரத்தில் பீர் குடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் நோயுற்றுப் பலர் இறந்தார்கள். பீருக்கான சர்க்கரையைச் செய்யப் பயன்பட்ட கந்தக அமிலமே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

பிற்காலத்தில் கல்லும் அமிலமும் விடைபெற்றன. கல்கரியை எரித்து, அப்புகையிலிருந்து கரியமிலவாயுவைப் பொட்டாசியம் கார்பனேட்டுக் கரைசலில் பிடித்து, பின்பு சூடாக்கி வெளியே எடுத்தார்கள். ஆனால் கல்கரியிலுள்ள கந்தகமும் எரிந்து கந்தக டையாக்சைடு ஆகிவிடும். அது கரைசலோடு சேர்ந்தால் சூடாக்கினாலும் பிரியாது, கரைசல் கெட்டுப்போகும். ஆகவே புகையை முன்கூட்டியே கழுவ வேண்டியதாயிற்று.

அண்மைக் காலத்திலும் இப்பிரச்சினை தலைகாட்டியதுண்டு. 1999 ஜூன் மாதம் பெல்ஜியத்தில், போர்னெம் என்ற ஊரில் கொக்கக் கோலா குடித்த பள்ளி மாணவர்கள் தலைவலி, குமட்டல் என்றார்கள். அரசாங்கம் அந்நிறுவனத்தின் பானங்களைத் தடை செய்தது. ஆன்ட்வெர்ப் ஆலையில் பயன்பட்ட கரியமிலவாயுவில் கந்தகச் சேர்மங்கள் மிகச் சிறிதளவு இருந்ததும், அவை நீரில் அழுகிய முட்டை நாற்றத்தைத் தந்ததும் கண்டறியப்பட்டன. நோய் உண்டாக்க அந்த அளவு போதாது என்றும், நாற்றமும் அச்சமுமே பலரைப் படுக்க வைத்திருக்கலாம் என்றும் பின்னர் ஆராய்ந்த மருத்துவர்கள் சிலர் கருதினார்கள். நஞ்சாகாத அளவு அழுக்குகூட ஒரு நாட்டையே கலக்கிவிட்டது.

இப்பொழுது மறுபடியும் ரோபக்கின் ஈய அறைக்கு வருவோம். அவ்வறையில் வெடியுப்பு என்ன வேலை செய்தது என்பதை 1806 இல் கிளெமான், தேசோர்ம் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் விளக்கினார்கள். வெடியுப்பிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடு, காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சுமந்து சென்று கந்தக டையாக்சைடிடம் ஒப்படைக்கிறது. கொடுத்துவிட்டு மறுபடியும் காற்றிடம் ஓடுகிறது. தபால்காரர் கடிதம் கொண்டு போவதைப் போன்றதுதான். கந்தக டையாக்சைடு இவ்வாறு அமிலமாகிறது.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் நிலக்கரி மின்நிலையங்களின் கரியமிலவாயுவைப் பிடித்து நிலத்தடியில் புதைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. நிலக்கரியைத் தூய ஆக்சிஜனில் எரித்தால் புகையில் பெரும்பகுதி கரியமிலவாயுவாகவும் நீராவியாகவும் இருக்கும். எஞ்சியிருப்பவற்றில் கந்தக டையாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் முக்கியமானவை. உலர்ந்த கரியமிலவாயு எஃகுக் குழாயை ஒன்றும் செய்யாது. ஈரத்தோடு இவையும் சேர்ந்தால் குழாயினுள்ளேயே கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் பிறந்து எஃகைத் தின்னத் தொடங்கும்.

இதில் நைட்ரிக் ஆக்சைடு பொல்லாதது; நீரிலும் கரையாது, காரத்துக்கும் மசியாது. முதலில் அதை ஆக்சிஜனோடு சேர்க்க வேண்டும். சாதாரண அழுத்தத்தில் இது மிக மெதுவாகவே நடக்கும். அழுத்தம் ஏற ஏற வேகம் பன்மடங்காகப் பெருகும். 2006 ஆம் ஆண்டையொட்டி ஏர் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டார்கள். எப்படியும் வாயுவை அழுத்தித்தானே குழாயில் அனுப்பப் போகிறோம்? ஏறத்தாழ 15 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் வாயுவை நீரோடு சற்று நேரம் நிறுத்தி வைத்தால், நைட்ரஜன் ஆக்சைடு தன் பழைய தபால்காரர் வேலையைத் தானே தொடங்கி, கந்தக டையாக்சைடைக் கந்தக அமிலமாக்கிவிடும். கந்தகம் தீரும்வரை நைட்ரிக் அமிலம் உண்டாவதில்லை. தீர்ந்த பிறகு, ஏறத்தாழ 30 மடங்கு அழுத்தத்தில் நைட்ரஜன் ஆக்சைடும் நைட்ரிக் அமிலமாகி நீரில் இறங்கிவிடும். ஓர் அழுக்கைக் கொண்டே மற்றோர் அழுக்கை நீக்குகிறார்கள்.

ரோபக் அமிலம் செய்யக் கையாண்ட வேதிவினை இங்கே வாயுவைத் தூய்மைப்படுத்தப் பயன்படுகிறது. அமிலம் கழிவாக அடியில் தங்குகிறது. ஜெர்மனியில் ஷ்வார்ட்ஸ பம்பே என்ற ஊரில் 2008 செப்டம்பரில் 30 மெகாவாட் ஆற்றலுள்ள சோதனைக் கொதிகலன் திறக்கப்பட்டது. அங்கே வந்த உண்மையான நிலக்கரிப் புகையில் இம்முறையைச் சோதித்தார்கள். அந்த நிலையம் 2014 இல் மூடப்பட்டது. நார்வே நாட்டில் கடலடிப் பாறைக்குள் கரியமிலவாயுவைச் செலுத்தும் நார்தர்ன் லைட்ஸ் திட்டம் 2025 ஆகஸ்டில் தன் பணியைத் தொடங்கியது. அங்கே வந்து சேரும் வாயுவில் பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் நீர் இருக்கக் கூடாது. கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு விதித்துள்ள அளவு அதைவிடவும் குறைவு.