திருவொற்றியூர் புல்லட்டும் தனுஷ்கோடிப் பயணமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். 1989 மாடல் புல்லட் ஒன்றை வாங்கியிருக்கிறான், இவன் நான்காவது ஓனர். "பொங்கல் லீவுக்கு தனுஷ்கோடி போலாம்னு இருக்கேன் சார். ஒய்ஃபும் வர்றாங்க. ஆயில் மாத்தி வாட்டர் சர்வீஸ் விட்டுட்டேன், போதும் இல்ல சார்?" என்றான். அவனுடைய அப்பா திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது இல்லை. அதனால்தான் பையனுக்கு அந்த வண்டி மேல் அத்தனை ஆசை.

"போதாது தம்பி" என்றேன். ஏன் போதாது என்பதைச் சொல்ல வேண்டுமானால் அந்த வண்டியின் கதையையும் சொல்ல வேண்டும்.

நம் திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஆலைச் சங்குதான் கடிகாரம். தீப்பெட்டிக்கு விம்கோ, டயருக்கு எம்.ஆர்.எஃப். (அது 1946-ல் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து தொடங்கிய கம்பெனி), லாரிக்கு எண்ணூரில் அசோக் லேலண்ட், மோட்டார் சைக்கிளுக்கு என்ஃபீல்டு. சில கிலோமீட்டருக்குள் இத்தனையும்.

புல்லட் பிறந்தது இங்கிலாந்தில், பர்மிங்காமுக்குப் பக்கத்தில் உள்ள ரெடிச் என்ற ஊரில். சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு நம் ராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் அங்கிருந்து பெட்டி பெட்டியாக வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே உருவானது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் புல்லட்டை நிறுத்திவிட்டார்கள். 1970-ல் அந்தக் கம்பெனியே மூடப்பட்டது. தாய் வீடு இடிந்த பிறகும் திருவொற்றியூர்ப் பிள்ளை ஓடிக்கொண்டிருந்தான். 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனான்!

இதைப் பெருமையாகச் சொல்வோம், நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் உண்மையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அது லைசென்ஸ் காலம். மோட்டார் சைக்கிள் வேண்டுமென்றால் புல்லட், மைசூரின் ஜாவா, ஃபரிதாபாத்தின் ராஜ்தூத். போட்டி என்று பெரிதாக எதுவும் இல்லை. ராணுவமும் போலீசும் வாங்கிக்கொண்டே இருந்தன. அதனால் 1950-களின் எஞ்சின் அடிப்படையில் அப்படியே நின்றுவிட்டது. 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகியும், அடுத்த ஆண்டு ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் வந்தபோதுதான் ஜனங்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. பட்டென்று ஸ்டார்ட் ஆகிற, ஆயில் சொட்டாத, மைலேஜ் தருகிற வண்டிகள். புல்லட் திணறியது. 1994-ல் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. பிறகு வந்த புது எஞ்சினும் 2013-ல் ஒரகடத்தில் வந்த ஆலையும் வேறு கதை.

இரும்பு எஞ்சின் புல்லட் எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடித்தது? என் கருத்து இதுதான்: அது கெட்டுப்போகாத வண்டி அல்ல, ரோட்டோரத்தில் சரிசெய்ய முடிந்த வண்டி. ஓட்டுகிறவன் நாலு விஷயம் கற்றுக்கொள்வான் என்று நம்பிச் செய்யப்பட்டது. ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். அது அலங்காரம் இல்லை. கிக்கரை மெதுவாக அழுத்தும்போது முள் ஒருபக்கம் சாய்ந்து நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது என்று அர்த்தம். டீகம்ப்ரஷரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அழுத்தி, விட்டு, பிறகு ஒரே உதை. இது தெரியாமல் உதைத்துக் கணுக்காலில் அடி வாங்கியவர்கள் நம் குடும்பத்திலேயே இரண்டு பேர். பெயர் சொல்லவில்லை.

அதனால் மாணவனுக்கு நான் சொன்னது: முதலில் டேப்பெட். சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒற்றை நட்டில் நிற்கும் மூடியைக் கழற்று. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே இருக்க வேண்டும். புஷ்ராடு இரண்டும் விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் வால்வு சரியாக உட்காராது; நீண்ட ஓட்டத்தில் கருகிவிடும். ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது, அது மேலே ஏறுகிறதா என்று பார். எஞ்சின் ஓடும்போது ஹெட்டுக்குப் போகும் சிறு குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் தனுஷ்கோடியை மறந்துவிடு. செயின், ஸ்போக்ஸ், பிரேக் எல்லாம் எந்த வண்டிக்கும் பார்ப்பதுதான்.

வேகம் 70-ஐத் தாண்டாதே என்றேன். "புல்லட்டு சார்!" என்று சிரித்தான். அந்த எஞ்சினின் கனெக்டிங் ராடில், கீழ்முனையில் உருளை பேரிங் கிடையாது, சுழலும் புஷ்தான். புறவழிச் சாலையில் மணிக்கணக்கில் விரட்டுவதற்காக அதைச் செய்யவில்லை. அது பிறந்த காலத்தில் அப்படிப்பட்ட சாலை நம்மிடம் இல்லவே இல்லை.

பாயிண்ட்டைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். 1988-ல் நானும் ஒரு பழைய புல்லட் வாங்கினேன். மாமனார் வீட்டுக்கு ஆற்காடு போக வேண்டும். ராயபுரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன், "ரெண்டு நாள் வண்டிய வுட்டுட்டுப் போ வாத்தியாரே" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. மாலையே கிளம்பினேன், மனைவி பின்னால், இரண்டு வயது மகள் நடுவில். காஞ்சிபுரம் திருப்பம் தாண்டி இருட்டில் வண்டி நின்றது. உதைத்து உதைத்து எனக்குக் கால் மரத்துப்போனது, குழந்தை அழுதது. லாரிகள் உரசிக்கொண்டு போயின. அந்த ஒரு மணி நேரம் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் புல்லட் சத்தம் கேட்டால் அந்த மௌனம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

கடைசியில் நிறுத்தியவர் ஒரு லாரி கிளீனர். பாயிண்ட் மூடியைத் திறந்தார். கிரீஸ் இல்லாமல் குதிகால் தேய்ந்து இடைவெளி அடைபட்டிருந்தது. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் பாயிண்ட்டைத் தேய்த்தார். என் சட்டைப் பையில் இருந்த அட்டையைக் கிழித்து நடுவில் வைத்து இடைவெளி பார்த்து முடுக்கினார். இரண்டாவது உதையில் வண்டி பேசியது. (அந்தத் தீப்பெட்டியும் எங்கள் ஊர் விம்கோ என்று எழுதினால் கதை கட்டுகிறேன் என்பீர்கள். எந்தப் பெட்டி என்று பார்க்கவில்லை.) பிற்பாடு தெரிந்துகொண்டேன், அந்த இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அவர் கண்ணாலேயே வைத்துவிட்டார். பணம் கொடுத்தேன், டீக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆகவே தம்பி, பையில் ஒரு செட் பாயிண்ட், கண்டென்சர், பிளக், க்ளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், செயின் லாக், ட்யூப் கட்டாயம். பாயிண்ட் இடைவெளியை உன் கையாலேயே ஒருமுறை வைத்துப் பழகு. அந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பெரிய மெக்கானிக்குகள் நம் பக்கத்தில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நேற்று வீட்டுக்கு வந்திருந்தான். புதுப்பேட்டையில் அலைந்து கண்டென்சர் வாங்கிவிட்டானாம். டேப்பெட் மூடியைத் திறந்து இரண்டு பேரும் பார்த்தோம், ஒன்று இறுக்கம்தான். சனிக்கிழமை முதலில் மாமல்லபுரம் வரை தனியாக ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

என்ஃபீல்டில் வேலை பார்த்த அப்பா, தாத்தா, மாமா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், ஆலை வாசலில் எடுத்த பழைய போட்டோ இருந்தால் கீழே போடுங்கள். அவனுடைய அப்பாவும் அதில் எங்காவது நிற்கலாம்.