கண்ணாடிக் காசும் உருகிய காசும்

மார்கன் டாலர் என்று அமெரிக்க நாணயச் சேகரிப்பாளர்கள் கொண்டாடும் வெள்ளிக் காசு 1878 முதல் 1904 வரையிலும், பிறகு 1921-ல் ஒரே ஒரு வருஷமும் புழக்கத்துக்கென்று அடிக்கப்பட்டது. எடை 26.73 கிராம். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. வடிவமைத்தவர் இங்கிலாந்திலிருந்து போன ஜார்ஜ் மார்கன். சுதந்திர தேவிக்கு முகம் கொடுத்தவர் அன்னா வில்லெஸ் வில்லியம்ஸ் என்ற ஃபிலடெல்ஃபியா பள்ளி ஆசிரியை. இந்தக் காசுகளில் ஒரு சிறு பகுதிக்கு வெற்றுப் பரப்பு கண்ணாடி மாதிரி இருக்கும். அச்சிட்ட தாளின் மேல் காசைச் செங்குத்தாக நிறுத்திப் பார்ப்பார்கள். இரண்டிலிருந்து நாலு அங்குலம் தள்ளியுள்ள எழுத்து பிரதிபலிப்பில் தெளிவாகத் தெரிந்தால் 'ப்ரூஃப்லைக்'. ஆறு அங்குலத்தைத் தாண்டினால் 'டீப் மிரர்'. இந்த அங்குலக் கணக்குக்காக, அதே வருஷத்து அதே அக்கசாலைக் காசைவிடப் பல மடங்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறது.

பணத்தைப் பணம் கொடுத்து வாங்கும் பைத்தியக்காரத்தனம் என்று இதை ஒதுக்கிவிடலாம். அல்லது கண்ணாடி என்ற சொல் காதில் விழுந்ததுமே லக்கானைக் கூப்பிடலாம். நம் சிறுபத்திரிகைகளில் அதற்கு ஆள் பஞ்சமில்லை. அவர் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும். முதலில் பட்டறைக்குள் போவோம்.

காசு அடிக்கும் அச்சின் முகத்தைச் சுழலும் தட்டில் வைத்துத் தேய்த்து லேசான வளைவு கொடுப்பார்கள். உருவம் முழுசாகப் பதிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. தேய்த்ததில் அச்சின் சமதளம் மினுங்கியது. தலையும் கழுகும் குழிந்திருந்த இடங்களுக்குத் தேய்ப்பு எட்டவில்லை. அவை மங்கலாகவே நின்றன. கரிய கண்ணாடி மேல் உறைபனி படிந்தாற்போல் வெள்ளைத் தலை என்று சேகரிப்பாளர் உருகுவது இதைத்தான். நடுவில் தகடு இல்லாமல் இரண்டு அச்சும் மோதிக்கொண்டு தழும்பு விழுந்தால் மறுபடியும் மெருகு போடுவார்கள். பிறகு ஒவ்வொரு அடிக்கும் வெள்ளி நசுங்கி வழிந்து அச்சை அரிக்கும். சில நூறு, மிஞ்சிப்போனால் சில ஆயிரம் காசுகளோடு கண்ணாடி தீர்ந்துவிடும். ஆக, இந்த அழகு யாருடைய நோக்கமும் அல்ல, பட்டறையில் நடந்த ரிப்பேர் வேலையின் மிச்சம். அதைச் செய்த தொழிலாளியின் பெயர் எந்த விலைப்பட்டியலிலும் கிடையாது.

அடித்த காசு நூறு வருஷம் கண்ணாடியாகவே நிற்க வேண்டுமானால் அதை ஒருத்தரும் தொட்டிருக்கக் கூடாது. எவரும் தொடாத பணத்தை ஓர் அரசு கோடிக்கணக்கில் ஏன் அடித்துத் தள்ளியது?

1873-ன் நாணயச் சட்டம் வெள்ளி டாலரைக் கைவிட்டது. நெவாடாவின் காம்ஸ்டாக் சுரங்கத்திலிருந்து வெள்ளி கொட்டிக்கொண்டிருந்தது. பையூட் பழங்குடியினரின் மண் அது. 1860-ல் பிரமிட் ஏரிப் பக்கம் அவர்களோடு போரே நடந்தது. வெள்ளியின் விலை சரிய, வாங்க ஆள் தேடினார்கள் சுரங்க முதலாளிகள். கடனில் முங்கிய மேற்கத்திய, தெற்கத்திய விவசாயிகளுக்கோ பணம் பெருகி அதன் மதிப்பு இறங்கினால்தான் கடனடைக்க வழி. விவசாயியின் கடனும் முதலாளியின் லாபமும் ஒரே கோஷத்தில் ஏறிக்கொண்ட வேடிக்கையை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம். ஜனாதிபதி ஹேய்ஸின் மறுப்பையும் மீறி 1878-ல் பிளாண்ட்-அலிசன் சட்டம் வந்தது. மாதாமாதம் இருபது முதல் நாற்பது லட்சம் டாலருக்கு வெள்ளி வாங்கி அரசு காசடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அடித்த கனத்த காசைச் சட்டைப்பையில் சுமக்க ஜனம் தயாராயில்லை. ஆயிரம் ஆயிரமாகச் சாக்குப்பையில் கட்டி நிலவறையில் போட்டார்கள். அதன் பேரில் அச்சடித்த தாள்தான் கைமாறியது. கண்ணாடி தப்பித்த கதை இவ்வளவுதான். பைக்குள்ளே காசும் காசும் இடித்த கீறல், கண்ணாடிப் பரப்பில் இன்னும் பெரிசாகத் தெரியும் என்பது சேகரிப்பாளரின் நிரந்தரப் புலம்பல்.

கதையில் இந்தியா இரண்டு முறை நுழைகிறது. ரூபாயின் மதிப்பு சரிந்து, லண்டனுக்குத் தங்கக் கணக்கில் கட்டவேண்டிய கப்பம் ஏறிக்கொண்டே போனதால், 1893 ஜூனில் காலனி அரசு தனியார் கொண்டுவரும் வெள்ளிக்குத் தன் அக்கசாலைகளை மூடியது. வெள்ளி விலை விழுந்த வேகத்தில் கொலராடோச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்த நவம்பருக்குள் அமெரிக்காவின் வெள்ளிக் கொள்முதல் சட்டமும் ரத்தானது.

இரண்டாவது முறை 1918-ல். ஐரோப்பியப் போருக்கு இந்தியா ஆளும் அனுப்பியது, சரக்கும் அனுப்பியது. அதற்கு ஈடாக இங்கே தாள் பெருகியது. 1917 நவம்பர் கடைசியில் ஒரு ரூபாய்க்கே நோட்டு வந்தது. சனங்கள் தாளை நம்பவில்லை, வெள்ளி ரூபாயைக் கொடு என்றார்கள். வெள்ளி ரூபாயைச் சேர்த்துவைத்துக் கொலுசும் அரைஞாணும் அடித்துப் போட்டுக்கொண்ட குடியானவர் மரபு அது. அதை 'பதுக்கல் புத்தி' என்று வைதது காலனியச் சொல்லாடல். என் பார்வையில், அரசின் வாக்குறுதியை அவர்கள் சரியாகவே எடை போட்டார்கள். கையிருப்பு கரைந்து, நோட்டுக்கு வெள்ளி தர முடியாத நிலை நெருங்கியதும் பிரிட்டன் வாஷிங்டனிடம் போய் நின்றது. 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம். நிலவறைச் சாக்குகள் அவிழ்ந்தன. 27 கோடிக்கும் மேற்பட்ட டாலர்கள் உருக்கப்பட்டன. அதுவரை அடித்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அதில் கிட்டத்தட்ட 25.9 கோடி டாலரின் வெள்ளி, அவுன்ஸ் ஒரு டாலர் விலையில், இந்தியாவுக்கென்று பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. ஒரு டாலரிலுள்ள வெள்ளியில் சரியாக இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 58 கோடி ரூபாய்க்கான வெள்ளி. சுதந்திர தேவியின் தலை உருகி ஐந்தாம் ஜார்ஜின் தலையாயிற்று. அதில் ஒரு பங்கு மறுபடி உருகிக் காலில் ஏறியிருக்கவும் கூடும்.

எந்த வருஷத்துக் காசு, எந்த அக்கசாலைக் காசு எத்தனை உருகின என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அடித்த கணக்கு கடைசி இலக்கம் வரை உண்டு, அழித்த கணக்கு இல்லை. ஆவணக் காப்பகம் என்றாலே இப்படித்தான் போலும். எனவே அக்கசாலையின் எண்ணிக்கையை நம்பி அரிதா மலிவா என்று முடிவுகட்ட இயலாது. 1895-ல் ஃபிலடெல்ஃபியாவில் 12,000 புழக்கக் காசு அடித்ததாகக் குறிப்பு இருக்கிறது. கையில் கிடைப்பதோ சேகரிப்பாளருக்கெனத் தனியே அடித்த 880-ல் மிஞ்சியவை மட்டுமே. அரிய காசுக்குக் கொடுக்கும் விலையில், 1918-ல் நோட்டை நீட்டி வெள்ளி கேட்ட இந்தியக் குடியானவரின் பங்கும் இருக்கிறது. சேகரிப்புக் கையேடுகளில் அது 'உருக்கப்பட்டது' என்ற ஒற்றை வினையாகச் சுருங்கிக் கிடக்கிறது.

மிச்சமிருந்த சாக்குகளை 1964-ல் ஜனம் வரிசையில் நின்று வாங்கித் தீர்த்தது. கடைசியாக அகப்பட்ட முப்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான காசுகளை, பெரும்பாலும் கார்ஸன் சிட்டியில் அடித்தவற்றை, அரசே 1972 தொடங்கி 1980 வரை தபாலில் விற்றது. 1986 முதல் தரம் குறித்துப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைக்கும் கம்பெனிகள் வந்தன. இப்போது கண்ணாடியைக் கண்ணால் மட்டும்தான் தொடலாம்.

உருக்கியதற்கு ஈடாக உள்நாட்டுச் சுரங்க வெள்ளியை வாங்கித் திரும்ப அடிக்க வேண்டும் என்று பிட்மன் சட்டத்திலேயே எழுதியிருந்தது. சந்தை விலை டாலருக்குக் கீழே இறங்கிய பிறகும் அரசு அவுன்ஸுக்கு ஒரு டாலரே கொடுத்தது. சுரங்க முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்படித்தான் 1921-ல் சுமார் 8.67 கோடி மார்கன் டாலர்கள் அடித்தார்கள். பழைய மூல அச்சுகளை அழித்துவிட்டிருந்ததால் மார்கன் புதிதாக ஒன்று செதுக்கினார். அதில் உருவம் தட்டையாக விழுந்தது. கண்ணாடிப் பரப்பு அபூர்வம், இருந்தாலும் ஆழம் போதாது. இந்தியாவுக்குப் போனதன் இடத்தை நிரப்ப வந்த அந்தக் காசுதான் மார்கன் டாலர்களிலேயே மலிவான வகைகளில் ஒன்று. தொடக்கச் சேகரிப்பாளர் வாங்குவார், தேர்ந்தவர் தள்ளிவைப்பார்.