தன்வினையும் பிறவினையும்: எடுத்துரைப்புவழி ஆற்றுப்படுத்தலும் கோலார் தங்கவயலின் பௌத்த வரலாறும்

துயருற்றவர் தம்மைப் பற்றிச் சொல்லும் கதையையே ஆற்றுதற்குரிய கருவியாகக் கொள்ளும் முறை ஒன்று 1980களில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உருப்பெற்றது. அடிலெய்டு நகரின் டல்விச் மையத்தைச் சார்ந்த மைக்கேல் வைட்டும் (1948–2008) ஆக்லாந்தைச் சார்ந்த டேவிட் எப்ஸ்டனும் 1990இல் வெளியிட்ட நூல் அதற்கு நிலைத்த வடிவம் தந்தது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரின் இரண்டாம் உறுப்பை 'மருத்துவம்' எனப் பெயர்ப்பின், வந்தவர் நோயாளி என்பது முன்னரே முடிவாகிவிடுகிறது. அம்முடிவைத் தவிர்ப்பதே இம்முறையின் நோக்கமாதலின், 'ஆற்றுப்படுத்தல்' என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது. பரிசில் பெற்ற ஒருவர் பெறாத மற்றொருவருக்கு வழிகாட்டும் பழைய இலக்கிய வகையின் நிழல் அச்சொல்லில் படிந்திருப்பதும் பொருத்தமே.

இம்முறையின் அடிப்படைச் செயல், சிக்கலை ஆளினின்றும் பிரித்துப் புறத்தே நிறுத்துதல். உடையிலேயே மலங்கழிக்கும் சிறுவர்களைப் பற்றி வைட் 1984இல் எழுதிய கட்டுரை இதற்குத் தொடக்கக் காலச் சான்று. சிறுவனின் குறை என்று பேசப்பட்டதற்கு ஒரு குறும்பனின் பெயரிட்டு, அக்குறும்பன் எவ்வாறு ஏமாற்றுகிறான், சிறுவன் அவனை என்றேனும் வென்றதுண்டா என்று வினவினார். இச்செயல் உளவியலார் கையில் பிறந்ததாயினும், செய்முறையில் முழுக்க முழுக்க மொழியியல் சார்ந்தது. பெயரடைப் பயனிலையாக இருந்த ஒன்று எழுவாயாக மாற்றப்படுகிறது.

ஆங்கிலத்தில் முயன்று பெற வேண்டிய இம்மாற்றம் தமிழில் இயல்பாகவே அமைந்துள்ளது எனலாம். 'எனக்குக் கோபம் வந்தது', 'அவருக்குப் பயம் பிடித்தது' ஆகிய தொடர்களில் உணர்வே எழுவாய். உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். உணர்வு வரும், பிடிக்கும், விட்டுப் போகும். ஆயினும் இதுகொண்டு தமிழ் இம்முறைக்கு எளிதில் இசையும் என்று கொள்ளுதல் பிழை. இரண்டு காரணங்கள் உள. ஒன்று, தமிழில் எதிர்த்திசைக் கருவியும் வலுவாகவே உள்ளது. 'குடிப்பழக்கம்' விட்டுப் போகக்கூடியது. 'குடிகாரன்' என்றவுடன் அது ஆளோடு ஒட்டிவிடுகிறது. '-காரன்', '-ஆளி' ஆகிய ஈறுகள் நிகழ்ச்சியைப் பிறவிக் குணமாக்க வல்லவை. மற்றொன்று, நான்காம் வேற்றுமைத் தொடர் பொறுப்பையும் சேர்த்தே அகற்றுகிறது. 'கோபம் வந்துவிட்டது, அடித்துவிட்டேன்' என்பவனுக்கு இலக்கணம் தப்பும் வழியைத் திறந்துவிடுகிறது. வைட்டின் முறை அங்கு நிற்பதில்லை. சிக்கல் ஆளை எவ்வாறு ஆட்டுவிக்கிறது என்பதையடுத்து, ஆள் சிக்கலை எப்போது மடக்கினார் என்றும் அது வினவுகிறது. இந்த இரண்டாம் வினாவுக்கு எழுவாய் வேற்றுமையும் செயப்படுபொருள் குன்றா வினையும் தேவை: 'கோபத்தை நீங்கள் எப்போது தடுத்து நிறுத்தினீர்கள்?' மொழிபெயர்ப்பாளர் இவ்விரு வினாக்களையும் ஒரே வாய்பாட்டில் வார்ப்பின் முறையின் பாதி காணாமற் போகும்.

இவ்விலக்கண மாற்றத்தை ஒரு சமூகமே செய்து பார்த்த இடம் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குக் கால்வைத்தபின் வட ஆர்க்காடு, சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் தொழிலாளர் பெருந்திரளாகக் குடியேறினர். அவருள் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்தது; சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பாறை வெடிப்பும் நுரையீரலை அரிக்கும் கல்தூசியும் அவர்தம் அன்றாடமாயின. இத்தொழிலாளரிடையே 1907இல் மாரிக்குப்பத்தில் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை தோன்றியது. சென்னை இராயப்பேட்டையில் தலைமைச் சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) தொழிலால் சித்த மருத்துவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவருடைய 'ஒரு பைசாத் தமிழன்' இதழும் அதே ஆண்டு தொடங்கியது. ஓராண்டுக்குப்பின் 'தமிழன்' ஆயிற்று.

அயோத்திதாசரின் வாதத்தின் அச்சு ஒரு வினைவேறுபாட்டில் அமைந்துள்ளது. 'தாழ்ந்த சாதி' என்பதில் வினை தன்வினை. தாழ்ச்சி அம்மக்களின் இயல்பு போல் ஒலிக்கிறது. 'தாழ்த்தப்பட்டோர்' என்பதில் வினை பிறவினை; செயப்பாட்டு வடிவம் செய்தவர் ஒருவர் உண்டு என்பதையும், அதற்கு முன் வேறொரு நிலை இருந்தது என்பதையும் உள்ளடக்குகிறது. அந்த முன்னிலையை அவர் பௌத்தம் என்றார். தாழ்த்தியவரை வேஷப் பிராமணர் என்றார். சாதிப் பெயரையே 'பறைதல்', அதாவது உண்மையை எடுத்துச் சொல்லுதல், என்னும் வினையோடு இணைத்தார். பண்டிகைகளுக்கும் நந்தன் கதைக்கும் வேறு பொருள் கண்டார்.

இச்சொற்பிறப்புகள் பலவும் ஒப்பியல் ஆய்வின் முன் நில்லா. மொழியியலார் இதனை மறைத்தல் முறையன்று. ஆனால் அவற்றை அச்சோதனையோடு கைவிடுதலும் முறையன்று. மேலோங்கிய கதையில் இடம்பெறாத நிகழ்ச்சிகளைத் தேடியெடுத்து அவற்றைக் கொண்டு வேறொரு கதையைக் கோப்பதே வைட் கூறும் மறுவரைவு. அயோத்திதாசர் ஓலையிலும் நிகண்டிலும் வழக்காற்றிலும் தேடியவை அத்தகையனவே. வேறுபாடு ஒன்று உண்டு, அது சிறிதன்று. வைட்டின் முறையில் ஆற்றுப்படுத்துநர் கதையை எழுதித் தருவதில்லை. ஆசிரியர் உரிமை துயருற்றவருடையது. தங்கவயலிலோ கதை ஒரு பண்டிதரின் எழுதுகோலிலிருந்து வந்தது.

எனினும் அக்கதை ஏட்டோடு நின்றுவிடவில்லை. வாசகர் ஐயங்களை எழுதினர், இதழ் விடையளித்தது. சொற்பொழிவுக் கூட்டங்களிலும், பௌத்த முறைத் திருமணத்திலும் ஈமச் சடங்கிலும் புதிய பெயர் பிறர் முன்னிலையில் சொல்லப்பட்டது. கலிபோர்னியாவின் வெனிஸ் பகுதி யூத முதியோர் தம் வாழ்வைப் பிறர் காண எடுத்துரைத்ததை மானிடவியலார் பார்பரா மயர்ஹாஃப் விளக்கினார். வைட் தம் முறைக்குச் சாட்சியர் அவையைப் பெற்றது அவரிடமிருந்தே. தங்கவயலின் சங்கக் கூட்டம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட அத்தகைய அவை. அயோத்திதாசர் மறைவுக்குப்பின் 'தமிழன்' 1926இல் தங்கவயலிலிருந்தே பண்டிதர் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. அவருடைய நூல்களை அவ்வூர்ச் சித்தார்த்தா புத்தகசாலை பதிப்பித்தது. கதையைக் கேட்டவர்கள் அதன் பதிப்பாளராயினர். ஆசிரியர் உரிமை கைமாறிய வழி இது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பௌத்தச் சங்கத்தின் விளைவு எனக் கூறுதல் மிகையாகும். தம்மை யார் எவ்வாறு பதிவு செய்வது என்னும் வினா அங்குப் புதியதன்று என்ற அளவில் அமையலாம்.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்படும் தொடர்வண்டி அவர்தம் பிள்ளைகளைப் பெங்களூர்க்குக் கொண்டு செல்கிறது. இத்தகைய ஊரொன்றில் அமரும் ஆற்றுப்படுத்துநர் முதலிற் கேட்கக்கூடிய தொடர், 'வேலை போயிற்று' என்பது. இதுவும் தன்வினையே. அதனை 'வேலையிழப்பினால் ஏற்பட்ட மனச்சோர்வு' எனக் கலைச்சொல்லாக்கிப் படிவத்தில் எழுதுவதா, அல்லது 'யார் மூடினார்கள், அன்று நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று பிறவினையில் திருப்பி வினவுவதா என்பதை அவர் கையிலுள்ள தமிழாக்கக் கையேடே பெரும்பாலும் முடிவு செய்கிறது.