ஆரல்வாய்மொழி மதில் விழுந்த கதை

ஆரல்வாய்மொழி என்றதும் காற்றாலைகள்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் திருவிதாங்கூர் படையின் தலையெழுத்து மாறியதும் இந்தக் கணவாயில்தான்.

டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்த டிலனாய் 18ஆம் நூற்றாண்டில் பலப்படுத்திய மதில்கள் இங்கே கிழக்கு வாசலைக் காத்தன. 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை ஒடுக்க கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் கம்பெனிப் படை வந்தது. மதிலில் நேராக மோதாமல், மேஜர் வெல்ஷ் ஒரு பிரிவோடு இருட்டில் தெற்கு மலைமீது ஏறினார். 10ஆம் தேதி மலையரண் விழுந்தது, கணவாயும் போயிற்று.

தளவாய் மண்ணடியில் உயிர்விட்டார். படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. எஞ்சியவர்களின் படை 1830இல் நாயர் பிரிகேட் என்று பெயர் பெற்றது. 1954இல் அதன் வாரிசுகள் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9, 16ஆம் பட்டாலியன்கள் ஆயின.

கம்பெனியின் மெட்ராஸ் படையை முன்னோராகச் சொல்லும் ரெஜிமெண்ட் அது. மதிலுக்கு இருபுறமும் நின்றவர்களின் வாரிசுகள் இன்று ஒரே அணியில்!