ஜில்லா போர்டுத் தலைவர்

தஞ்சை ஜில்லா போர்டு என்னும் ஸ்தாபனத்தை இன்று நினைப்பவர் அருகிவிட்டனர். காவிரியின் ஆறுகளையும் வாய்க்கால்களையும் பொதுப்பணி இலாகா பார்த்துக்கொண்டதென்றால், அவற்றின் இடையே ஓடிய சாலைகளையும், கிராமத்துப் பள்ளிகளையும், ஆஸ்பத்திரிகளையும், சத்திரங்களையும் பார்த்துக்கொண்டது அந்தப் போர்டே. மிராசுதார்களிடம் நிலவரியோடு சேர்த்துத் தனித் தீர்வை வசூலித்து, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-இல் ரயில் ஓடவைத்த போர்டு அது. அதன் தலைமைப் பீடத்தில் 1924 முதல் 1930 வரை வீற்றிருந்தவர் ஏ. டி. பன்னீர்செல்வம்.

1888-இல் தஞ்சை ஜில்லாவின் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்து, பாரிஸ்டராகித் தஞ்சைக்குத் திரும்பிய அவர், முதலில் நகரசபைத் தலைவரானார், நீதிக்கட்சியில் நின்றார். பின்னாளில் லண்டன் வட்டமேஜை மகாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாக அமர்ந்ததும், சென்னை அரசாங்கத்தில் உள்துறைப் பொறுப்பை ஏற்றதும், ‘சர்’ பட்டம் பெற்றதும் வாழ்க்கைக் குறிப்புகளில் பெரிய எழுத்தில் காணப்படும் விஷயங்கள். என் மனம் செல்வது அவற்றின்பால் அன்று, சத்திரங்களின்பால்.

ராமேசுவரத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்கள் பசியாறுவதற்காக மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்களை எழுப்பி, அவற்றுக்கு நன்செய் கிராமங்களை மானியமாக எழுதிவைத்தார்கள். இரண்டாம் சரபோஜி தம் அன்புக்குரிய முத்தாம்பாளின் பெயரால் ஒரத்தநாட்டில் நிறுவிய சத்திரம் அவற்றுள் தலையாயது. அரசு மாறியது, சத்திரங்களின் நிர்வாகம் காலப்போக்கில் ஜில்லா போர்டின் கைக்கு வந்தது. ரயில் வந்த பின் கால்நடையாக வரும் யாத்திரிகர் குறைந்தனர்; மானிய நிலங்களோ முன்போலவே விளைந்துகொண்டிருந்தன. அந்த நெல் இனி யாருடைய பசிக்கு என்ற கேள்வி எழுந்தபோது, ஏழைப் பிள்ளைகளின் பசிக்கு என்று விடை கண்டவர் பன்னீர்செல்வம். ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் சத்திர வருமானத்தைக் கொண்டு மாணவர் விடுதிகள் நடைபெற்றன. படிப்பென்றால் கும்பகோணத்துக்கோ தஞ்சைக்கோ போய்ப் பணம் செலவழிக்க வேண்டும் என்றிருந்த பிராமணரல்லாத உழவர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே உண்டு, உறங்கி, படித்தார்கள். அன்னதானத்துக்கென்று எழுதிய சாசனத்துக்கு இதனினும் நேரான பொருள் எனக்குத் தோன்றவில்லை.

திருவையாற்றுக் கல்லூரியின் கதையும் இதை ஒட்டியதே. வடமொழிக்கென்றே நடந்துவந்த அக்கல்லூரியில் தமிழும் பயிற்றப்பட வேண்டுமென்று கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் உமாமகேசுவரனார் முயன்றார். போர்டுத் தலைவரின் அதிகாரம் அம்முயற்சிக்குத் துணை நின்றது. வடமொழி வெளியேறவில்லை, காவிரிக்கரைக் கல்லூரியில் தமிழுக்கும் ஓர் ஆசனம் போடப்பட்டது. இதனால் தமிழ் வித்துவான்களின் ஒரு தலைமுறையே அங்கே உருவாயிற்று. 1938-இல் பள்ளிகளில் ஹிந்தி கட்டாயமாக்கப்பட்டபோது பன்னீர்செல்வம் எதிர்ப்பாளர்களின் முன்னணியில் நின்றது திடீரென மூண்ட ஆவேசத்தால் அன்று. திருவையாற்றிலேயே வேர்விட்ட கொள்கை அது.

அந்தக் கட்டாயம் 1940 பிப்ரவரி 21-இல் நீக்கப்பட்டது. இந்தியா மந்திரிக்கு ஆலோசகராக நியமனம் பெற்ற பன்னீர்செல்வம் அப்போது லண்டனுக்குப் புறப்படும் ஆயத்தத்தில் இருந்தார். மார்ச் 1-ஆம் தேதி அவர் ஏறிச் சென்ற ‘ஹானிபல்’ விமானம் ஓமான் வளைகுடாவின்மேல் மறைந்துபோயிற்று. அதில் இருந்த ஒருவரது உடலும் கிடைக்கவில்லை.